புன்னை எண்ணெயில் ஏறிய மருதோன்றி

சுவரில் ஒன்று எழுதிப் போட்டிருந்தால் வாசித்துவிட்டு அதன்படி நடக்க வேண்டும். ஏன் எழுதியிருக்கிறது என்று வீடு தேடி வந்து கேட்கக் கூடாது. வெள்ளைக் கோட்டு மாட்டி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் நாலு பேர் சேர்ந்து வந்து, நான் ஊற்றித் தந்த தேத்தண்ணீரையும் குடித்துவிட்டு, “மூத்தம்மா, அந்த ரெண்டாவது வரி என்னத்துக்கு?” என்று கேட்கிறீர்கள். கம்பஸில் இதைத்தான் படித்துக் கொடுத்தார்களா, வயது போனவர்களின் பிழையைக் கிண்டச் சொல்லி? வெட்கம் கெட்ட கூட்டம். பிஸ்கட்டையும் முடித்துவிட்டீர்கள்.

சரி, வந்ததும் வந்தீர்கள், கேட்டுவிட்டுப் போங்கள். எழுதுவதென்றால் படித்த தமிழில் எழுதுங்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது கல்முனை முழுக்கத் தெரிய வேண்டியதில்லை. பாதி ஊருக்குத் தெரியும், அது போதும்.

நீங்கள் வேலை செய்கிற ஆய்வுகூடத்தின் வாசலில் தொங்குகிற பலகையில் முதல் வரி இது: மருதோன்றி வைத்த கையோடு ஐந்து நாளைக்கு உள்ளே வரக்கூடாது. இரண்டாவது வரி: அவர்களுக்கு வெளியே வேலை உண்டு. முதல் வரி உங்களுக்கு விளங்கியிருக்கும், படித்த பிள்ளைகள். இரண்டாவது வரிக்குத்தான் கதை. அதை எழுதியவர் மிஸ். எழுத வைத்தவள் நான்.

இப்போது உங்களிடம் பெரிய மெசின் இருக்கிறது. எண்ணெயை அதன் வாயில் விட்டால் மலை மலையாகத் தாளில் கீறித் தருகிறது. நீங்களும் அந்த மலைகளை எண்ணிக்கொண்டு சம்பளம் வாங்குகிறீர்கள். தொண்ணூறுகளில் எங்களிடம் இருந்தது, பழைய நெல் ஸ்டோருக்குப் பின்னால் இரண்டு அறை. ஓர் உரல். கையால் திருகிப் பிழிகிற இரும்புப் பொறி ஒன்று. கண்ணாடிப் போத்தல்கள். அப்புறம் மிஸ்.

மிஸ் காரைதீவில் இருந்து சைக்கிளில் வருவார். இரசாயனம் படித்தவர். நம்முடைய கரையில் நிற்கிற மரங்களின் விதையில் என்னென்ன நல்லது இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. வேம்பு, இலுப்பை, எல்லாவற்றுக்கும் மேலாகப் புன்னை. புன்னை எண்ணெயை ஆறாத புண்ணுக்குப் பூசுவது நம்முடைய ஆட்களுக்குத் தெரியும். எந்தச் சாமான் புண்ணை ஆற்றுகிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அதைத்தான் மிஸ் தேடினார். அந்தக் காலம் சண்டைக் காலம், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த காலம். ஒரு தமிழ்ப் பிள்ளை தனியாகச் சைக்கிளில் நம்முடைய ஊருக்குள் வந்து வேலை செய்துவிட்டுப் போவதென்றால் சும்மா இல்லை. அவர் வந்தார். நாங்களும் அவர் வருவதைப் பார்த்துப் பழகிவிட்டோம்.

நாங்கள் என்றால் நாலு பேர். நான், சபியா, இன்னும் இரண்டு பேர். நான் மூத்தவள், அதனால் எல்லோருக்கும் ராத்தா. புன்னைக் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பை எடுப்போம். பச்சைப் பருப்பைப் பிழிந்தால் எண்ணெய் வராது. சீவி, ஒன்றரை மாதம் வெயிலில் போட வேண்டும். வெள்ளைப் பருப்பு காயக் காய மண்ணிறமாகி, பலாப்பால் போலக் கையில் ஒட்டத் தொடங்கும். அப்போதுதான் அதற்குள் எண்ணெய் ஊறியிருக்கும். பிறகு உரலில் இடித்துப் பொறியில் பிழிய வேண்டும். அந்த ஒட்டலை மறக்காதீர்கள். கதையில் வரும்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒருமுறை இலுப்பை எண்ணெயில் எங்கள் தலையில் வைத்த தேங்காயெண்ணெய் கை வழியாகக் கலந்து மிஸ்ஸின் பத்து நாள் வேலை வீணாகிவிட்டது. மிஸ் கோபப்பட்டதை அன்றைக்குத்தான் முதலில் கண்டோம்.

“இனி ஆராவது கை கழுவாம உரலைத் தொட்டா அவவுக்கு இஞ்ச வேலை இல்ல” என்றார்.

சொன்னதோடு ஒரு கொப்பியையும் என்னிடம் தந்தார். காலையில் ஒவ்வொருவரும் சவர்க்காரம் போட்டுக் கழுவியதை நான் பார்த்து, அவரவர் பேருக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். என்னிடம் பேனை தந்து செய்யச் சொன்ன முதல் வேலை அது. வீட்டுக்கு வந்து மனிசனிடம், ஆபிஸில் வேலை கிடைத்தவள் மாதிரி, “இண்டையில இருந்து நான் கந்தோர் உத்தியோகம்” என்றேன். “அப்ப சோறு ஆரு ஆக்கிற?” என்று கேட்டார். அதுதான் அவருக்குக் கவலை.

அந்த வருடம் ஒரு தொகைப் பருப்பு காய்ந்து முடிகிற நேரம் சண்டையால் றோட்டு மூடப்பட்டது. மிஸ் வர முடியவில்லை. பருப்பு பதினைந்து நாள் கூடக் காய்ந்தது. றோட்டுத் திறந்து மிஸ் வந்து பார்த்துவிட்டு, வியாழக்கிழமை இடிக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை சபியாவின் மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமை பின்னேரம் சபியாவின் வீட்டில் எல்லாப் பெண்களுக்கும் மருதோன்றி வைத்தார்கள். அரைத்தவள் என் பக்கத்து வீட்டு ஜெமீலா. அவள் அரைத்தால் அரைத்ததுதான். தேசிக்காய்ப் புளியும் தேயிலைச் சாயமும் விட்டு, அம்மியில் மெழுகு போல எடுப்பாள். வாயும் அப்படித்தான். அவள் காதில் விழுந்தது அஸர் தொழுகைக்கு முன் ஊரெல்லாம் போய்விடும்.

வியாழக்கிழமை காலை நாலு பேரும் பைப்படியில் நின்றோம். மருதோன்றி வைத்த கையை முதல் நாளில் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சிவப்பு நிற்காது. உங்கள் உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள். காய்ந்ததைச் சுரண்டிவிட்டு எண்ணெய் தடவிச் சும்மா வைத்திருக்க வேண்டும்.

“ராத்தா, இண்டைக்கு மட்டும் விடுங்க” என்றாள் சபியா. “சவுக்காரம் பட்டா பொண்ணுட உம்மாட கை வெளுத்துப் போகும்.”

“ஏன் புள்ள, உன்னையா கட்டிக் குடுக்கிற?”

“நாளைக்கு மாப்புள வீட்டாக்கள் வந்து கையத்தான் பாப்பாங்க.”

“கையப் பாக்க மாட்டாங்க. புரியாணிக்குள்ள எத்தின கோழி போட்டிரிக்காய் எண்டு சட்டியத்தான் பாப்பாங்க.”

எல்லோரும் சிரித்தோம். நான் என்னுடைய கையைப் பார்த்தேன். சபியாவின் கையைவிட அது அழகாகச் சிவந்திருந்தது. சபியாவுக்காக விட்டேன் என்று ஊரில் சொல்லித் திரிந்தேன், பிள்ளைகள். அது பொய். என் கைக்காகத்தான் விட்டேன்.

துணியால் துடைத்தோம். கொப்பியில் நாலு கோடு போட்டேன். நல்ல நேரான கோடு.

சனிக்கிழமை காலை நான் போத்தல் கழுவிக்கொண்டிருந்தேன். மிஸ் உள்ளே இருந்து கூப்பிட்டார். அவர் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

“ராத்தா, ஓடி வாங்க. கையத் துடைச்சிட்டு வாங்க.”

மேசையில் வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தட்டு இருந்தது. நீங்களும் அதில் படித்திருப்பீர்கள். தெரியாத பேர் வாசிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். எண்ணெயை ஸ்பிரிட்டில் கழுவி, அந்த ஸ்பிரிட்டில் ஒரு துளியைத் தட்டின் அடியில் பொட்டு வைப்பார் மிஸ். தட்டின் கால் மட்டும் நனையும்படி ஒரு மருந்துத் தண்ணீரில் நிற்க வைத்தால், அந்தத் தண்ணீர் மெல்ல மெல்ல மேலே ஏறும். பொட்டில் உள்ள சாமான்களையும் இழுத்துக்கொண்டு ஏறும். ஒவ்வொன்றும் தன் தன் உயரத்தில் களைத்து நின்றுவிடும். ஒரே சாமான் என்றால் ஒரே உயரம். கல்யாண வீட்டுப் பந்தியில் ஆட்கள் தங்கள் தங்கள் இடத்தில் உட்காருகிற மாதிரி.

புன்னை எண்ணெயின் புள்ளிகள் எனக்கும் பழக்கம். ஊதா விளக்கைப் பிடித்தால் நீலமாக மினுங்கும். அன்றைக்கு அவற்றுக்கு நடுவில் புதிதாக ஒருவர் குந்தியிருந்தார். விளக்கு இல்லாமலே தெரிந்தது. செம்மஞ்சள். மிஸ் அமோனியாப் போத்தலின் மூடியைத் திறந்து தட்டின் பக்கத்தில் பிடித்தார். அந்தப் புள்ளி மட்டும் இன்னும் சிவந்தது.

“இது முந்தி ஒருநாளும் வரல்ல” என்றார். “பதினைஞ்சு நாள் கூடக் காஞ்சதால வந்திருக்கு. புதுச் சாமான் ராத்தா. திங்கக்கிழமை கொழும்பால பெரியவர் வாறார். இந்தக் கூடத்த வைக்கிறதா மூடுறதா எண்டு பாக்கத்தான் வாறார். இது ஒண்டக் காட்டினாக் காணும்.”

“அவருக்கு இது என்ன சாமான் எண்டு தெரியுமா மிஸ்?”

“அங்க பெரிய மெசின் இருக்கு. அது பேரே சொல்லும்.”

நான் புள்ளியைப் பார்த்தேன். பிறகு என் உள்ளங்கையைப் பார்த்தேன். அந்த ஒட்டுகிற பருப்புத்தான் கையில் கிடந்த மருதோன்றியை உரலுக்குள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அந்த மெசின் பேர் சொல்லுமென்றால் மருதோன்றி என்றுதான் சொல்லும்.

சொல்லவில்லை. வாயைத் திறந்தால் சபியா கல்யாணச் சட்டி கழுவி முடியுமுன் வேலை போகும். மற்ற இரண்டு பேருக்கும் போகும். எனக்கும் போகும், கந்தோர் உத்தியோகம். கூடமும் மூடப்படும். வாயை மூடினால் திங்கட்கிழமை மிஸ் பெரியவருக்கு முன் நின்று மருதோன்றியைப் புதுச் சாமான் என்று சொல்வார். ஒரு கிழமையில் கொழும்பில் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு இந்தக் கரையில் இருந்து எந்த எண்ணெயைக் கொண்டுபோனாலும், இதில் என்ன மருதோன்றி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள்.

இன்னொன்றும் எனக்குப் பயமாக இருந்தது. காரைதீவு மிஸ் நம்முடைய பெண்களின் கையை ஊத்தை என்று சொன்னார் என ஒரு வாய் தொடங்கினால் போதும். அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல்லுக்குக் கால் முளைத்தால் மிஸ்ஸின் சைக்கிள் திரும்ப நம்முடைய ஊருக்குள் வராது.

நான் அன்றைக்குச் சோற்றுக்கு ஆணம் வைத்து உப்புப் போடவில்லை. மனிசன் ஒன்றும் சொல்லாமல் தின்றார். அதிலிருந்து என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெமீலாவின் வேலியில் நின்ற மருதோன்றியில் ஒரு பிடி இலை ஒடித்தேன். “ஆருக்கு ராத்தா, இன்னுமா?” என்றாள். “கொஞ்சம் குறை இரிக்கி” என்றேன். இலையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். செக்பொயின்டில் இறக்கி என் பையைக் கிளறினான் ஓர் ஆமிப் பொடியன். கடதாசியைப் பிரித்து மணந்து பார்த்தான். அவனுக்கு அந்த மணம் தெரியும் போல, முகம் மலர்ந்தது.

“கலியாணமா?” என்றான், கொச்சைத் தமிழில்.

“ஓம். எனக்குத்தான்.”

விளங்கியதோ இல்லையோ, விட்டுவிட்டான்.

மிஸ் வீட்டில் திங்கட்கிழமைக்கு உடுக்கச் சீலை அழுத்திக்கொண்டிருந்தார். கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. அவருடைய அம்மா எனக்குக் கதிரை எடுத்துப் போட்டார்.

“என்ன ராத்தா, ஞாயித்துக்கிழமை? ஆருக்கும் சுகமில்லையா?”

“எல்லாரும் சுகம் மிஸ். எனக்குத்தான் கை சரியில்ல.”

இரண்டு உள்ளங்கையையும் நீட்டினேன்.

“நல்லாச் சிவந்திருக்கு” என்றார் சிரித்துக்கொண்டு.

“ஓம். அந்தப் புள்ளியும் இப்பிடித்தானே சிவந்த.”

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றது. கையும் நின்றது.

“நீங்க கழுவினீங்க” என்றார். “கொப்பியில கோடு இருக்கு.”

“கோடு இரிக்கி மிஸ். கழுவல்ல.”

“ஆரு ஆரு?”

“கோடு போட்டது நான். மத்தாக்கள்ட பேர என்னட்டக் கேக்காதீங்க.”

“புள்ள, சீலை” என்று அம்மா ஓடிவந்தார். இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே தலைப்பு ஓரம் புகைந்துவிட்டது. பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு மிஸ் அந்தக் கருகலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“பதினைஞ்சு நாள் கூடக் காஞ்சிருக்கு. அதால வந்திருக்கலாம்தானே?”

“வந்திருக்கலாம். வந்திருந்தா எனக்கும் சந்தோசம். பாத்திட்டுச் சந்தோசப்படுவம்.”

“இல்லையெண்டா?”

“இல்லையெண்டா முதல்ல நாம ரெண்டு பேரும் இருந்து சிரிப்பம். கொழும்புல சிரிக்கிறதுக்கு முந்தி.”

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சைக்கிளை எடுத்தார். அப்போது பஸ் இல்லை. ‘ஏறுங்க’ என்றார். ஏறினேன். முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு, காரைதீவு மிஸ்ஸின் சைக்கிள் கரியரில் ஒரு பக்கமாகக் குந்தி, சாய்ந்தமருதுக்குள்ளால் நடுப்பகலில் வந்த பேரன் பேத்தி கண்ட பெண் பிள்ளை நான் ஒருத்திதான். றோட்டில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செக்பொயின்டில் அந்தப் பொடியன் என்னைக் கண்டுவிட்டு, “மாப்பிள்ளை எங்க?” என்றான். நான் மிஸ்ஸின் முதுகைக் காட்டினேன். மிஸ்ஸின் முதுகு குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று பின்னால் இருந்து தெரியாது.

கூடத்தைத் திறந்து மிஸ் ஒரு புதுத் தட்டை எடுத்தார். இலையைக் கசக்கி ஸ்பிரிட்டில் போட்டு வைத்தார். தட்டின் அடியில் மூன்று பொட்டு. முதலாவது போன தடவை இடித்த எண்ணெய். நடுவில் வியாழக்கிழமை எண்ணெய். மூன்றாவது ஜெமீலா வீட்டு இலை. தட்டைத் தண்ணீரில் நிற்க வைத்தார். இருவரும் குந்தியிருந்து பார்த்தோம். தண்ணீர் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் ஹஜ்ஜுக்கு நடந்து போனவரே திரும்பி வந்துவிடுவார்.

ஊதா விளக்கைப் பிடித்தபோது முதலாவது பொட்டுக்கு மேலே நீலங்கள் மட்டும் நின்றன. நடுவில் நீலங்களும் அந்தச் செம்மஞ்சளும். மூன்றாவதில் இலையின் பச்சை வேறு ஓர் உயரத்தில் நின்றது. அதை விட்டு, நடுவில் நின்றவருக்கு நேராக, ஒரு மயிரிழை கூட மேலே கீழே இல்லாமல், அதே செம்மஞ்சள். மிஸ் அமோனியாப் போத்தலைத் திறந்து பிடித்தார். இரண்டும் ஒன்றாகச் சிவந்தன.

மிஸ் அமோனியாப் போத்தலை மூடினார். தட்டை எடுத்து உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. காயவைத்து, சனிக்கிழமைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கொப்பியக் கொண்டு வாங்க.”

கொண்டுபோனேன். வியாழக்கிழமைப் பக்கத்தை விரித்தார்.

“நீங்க போட்ட கோட்ட நீங்களே வெட்டுங்க. அழிக்க வேணாம். கீழ இருக்கிறது தெரியோணும்.”

நாலு கோட்டுக்கு மேலே நாலு கோடு வெட்டினேன். பக்கத்தில் என் கையெழுத்தைப் போடச் சொன்னார். கையெழுத்துப் போட எனக்கு உங்களைவிட நேரம் எடுக்கும். அன்றைக்கு இன்னும் கூட எடுத்தது. பிறகு பேனையை அவரிடம் நீட்டிவிட்டு, “நாளைக்கு வரட்டா, வேணாமா மிஸ்?” என்று கேட்டேன்.

அவர் கொப்பியைப் பார்த்தபடி இருந்தார். “கழுவல்ல எண்டு சொன்னா வேலை போகும் எண்டு சொல்லி வச்சது நான்” என்றார். “அப்ப ஆரு வந்து சொல்லுவா? கோடு போட்டுத்தான் விடுவாங்க. நீங்க பொய்க் கோடு போட்டது உங்கட பிழை. போட வச்சது என்ட பிழை.”

அன்றைக்கே ஒரு கடதாசி எடுத்து எழுதினார். முதல் வரி எழுதினார். கொஞ்சம் யோசித்து இரண்டாவது வரியையும் எழுதினார். மருதோன்றி வைத்தவள் ஐந்து நாளைக்கு மரத்தடியில் கொட்டை பொறுக்கலாம், கல்லால் உடைக்கலாம், பாயில் காயவைக்கலாம். உரலையும் பிழிகிற பொறியையும் தொடக்கூடாது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணம், எத்தனையோ பெருநாள் வந்து போனது. பைப்படியில் நின்று ஒருத்தியும் என்னிடம் “இண்டைக்கு மட்டும்” என்று கேட்டதில்லை. தானாகவே வந்து, கையைக் காட்டிவிட்டு, சுளகைத் தூக்கிக்கொண்டு வெளியே போவார்கள். உங்களுக்குக் கீழே நாளைக்கு ஆட்கள் வேலை செய்வார்கள். உண்மையைச் சொல்பவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுச் சட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் நேர் நேரான கோடுகள்தான் கிடைக்கும்.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். மிஸ் கருகின தலைப்பைத் தோளுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். பெரியவர் கேட்குமுன்னமே இரண்டு தட்டையும் கொப்பியையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். புதுச் சாமான் இல்லை, ஒரு தொகைப் பருப்பு வீண், காரணம் இது. நான் கதவோரம் நின்றேன். பெரியவருடைய முகம் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மீன் விலை கேட்கிற ஆள் மாதிரி ஒரு முகம். தட்டுகளை ஒருமுறை பார்த்தார். கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டினார். வெட்டின கோட்டில் விரலை வைத்தார்.

“மருதோன்றி எண்டு பிடிச்சது ஆர்?”

மிஸ் என்னைக் காட்டினார். என் பின்னால் நின்ற சபியா மெதுவாக அடுத்த அறைக்குள் போய்விட்டாள்.

பெரியவர் என்னுடைய கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். “நல்ல சிவப்பு. ஆர் அரைச்சது?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்து, இந்த எண்ணெய் வேண்டாம், பழைய எண்ணெயில் இரண்டு போத்தல் தாருங்கள், இந்தக் கொப்பியை விடாமல் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு ஒரு பாராட்டும் கிடைக்கவில்லை. ஆனால் கூடத்தை மூடவில்லை. அந்த இரண்டு போத்தலில் இருந்துதான் பிறகு களிம்பு வேலை தொடங்கியது. அது நீங்கள் படித்த கதை, அதை என்னிடம் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றை நான் சொல்கிறேன். புள்ளி வராவிட்டால் எல்லோரும் பத்துத் தரம் சோதித்துப் பார்ப்பார்கள். நல்ல புள்ளி வந்துவிட்டால் ஒருத்தரும் சோதிக்க மாட்டார்கள். நல்ல புள்ளி வருகிற அன்றைக்கு முதலில் போத்தல் கழுவுகிறவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

திங்கட்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். ஜெமீலா வேலியில் காத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். சைக்கிளில் வந்ததை ஊர் கண்டிருந்தது. சபியாவும் அழுத முகத்தோடு வீட்டுக்குப் போயிருந்தாள். மீதியை அவர்களே கோத்துவிட்டார்கள்.

“ராத்தா, அந்தக் காரைதீவு மிஸ் நம்மட பொம்புளைகள்ட கை ஊத்தை எண்டு கொழும்புக்கு எழுதிப் போட்டாவாமே. மெய்யா?”

நாலு பேரும் வேலியில் சாய்ந்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். அந்தக் கிழமை நான் ஏற்கெனவே ஒரு பொய் எழுதி வெட்டியிருந்தேன். இன்னொன்றுக்கு என்னிடம் இடம் இல்லை. நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். எதை முதலில் சொல்வது என்பது மட்டும் என் இஷ்டம்.

“சொன்னதுதான்” என்றேன். “ஊத்தை எண்டு இல்ல. நம்மட மருதோண்டி எண்டு சொன்ன. துணியால துடைச்சும் போகல்ல. உரல்ல இடிச்சும் போகல்ல. இரும்பில பிழிஞ்சும் போகல்ல. ஸ்பிரிட்ல கழுவிக் கண்ணாடியில ஏத்தினா, அங்கயும் ஏறி நிக்கிது. மிஸ் ரெண்டு நாளா அதப் பாத்திட்டு இரிந்தா. கொழும்பால வந்த பெரியவர் என்ட கையப் பாத்திட்டு, ஆர் அரைச்ச எண்டு கேட்டார்.”

ஜெமீலாவின் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

“என்னையா கேட்ட?”

“அரைச்ச ஆளக் கேட்ட.”

“நீங்க என்ட பேரச் சொன்னீங்களா ராத்தா?”

“சொல்லல்ல” என்றேன். “கண்ணூறு பட்டுடும்.”